ரங்கூனாரும் வெலிங்டன் பிரபுவும்

“நேற்றையான் மீனையே ஒருத்தரும் வாங்கிறேல்லை. நீ இருநூறு வருசத்துப் பழங்கதையைப் படிச்சு ஆருக்கு, பிள்ளை, விக்கப்போறாய்?”

சின்னக்கடைச் சந்தையில் ஒரு விளைமீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே மாமி இதைக் கேட்டார். மாமி என் ஐயாவின் தமக்கை. அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் மீன் விற்பவர். சுரண்டிய செதில்களில் ஒன்று பறந்து வந்து என் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. அதைத் தட்டிவிட்டு, “சரித்திரம் விக்கிற சாமான் இல்லை, மாமி” என்றேன்.

“அப்ப ஆரும் வாங்காத சாமான்” என்றார் மாமி.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைக் கண்ட முதல் ஆள் நான்தான். ஐயா கையெழுத்துக்குப் பெருவிரலை வைப்பார். அம்மா மணிக்கூடு பார்ப்பார். அதற்கு மேல் அவருக்கு எழுத்தோடு பழக்கமில்லை. மாமி பூசையில் செபப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பார், அநேகமாகத் தலைகீழாக. ஆகவே நான் எங்கள் ஊரான குருநகரின் தெருக்களில் போன விதமே வேறு. புத்தகங்களை ஒரு பையில் போட்டு மறைத்துக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. சைக்கிளின் முன்கூடையில் எல்லோருக்கும் அட்டை தெரியும்படி நிறுத்தி வைப்பேன். மழை வந்தால் மூடுவேன். அதுவும் பெரிய மழை என்றால்.

முதலாம் வருட முடிவில் சரித்திரத் துறை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கும். மற்றவர்கள் பொதுப் பட்டம் படித்து ஒரு வருடம் முந்தி வெளியே போகலாம். பொதுப் பட்டத்தில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் எனக்குச் சிறப்புத்தான் கிடைக்கும் என்று நான் அதற்குள் குருநகர் முழுவதும் சொல்லி முடித்திருந்தேன். கோயில் வாசலில் சொன்னேன், தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், வலை பின்னுகிறவர்களிடம் அவர்கள் கேட்காமலே சொன்னேன். இனிக் கிடைக்காவிட்டால் நான் கடலுக்குள்தான் நடந்து போகவேண்டும். அப்போது கடலுக்குள்ளும் தூரம் போக விடமாட்டார்கள். மண்டைதீவுப் பக்கமிருந்து ஆமிக்காரர் சுடுவார்கள்.

பரீட்சைப் புள்ளி பாதி, கருத்தரங்கில் வாசிக்கும் கட்டுரை மறுபாதி. கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்த நாளில் எங்கள் விரிவுரையாளர் ஒரு வெறும் பால்மா ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்குள் சுருட்டிய துண்டுகள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் இங்கிலீசுப் பெயரோடு இருக்கும் தெருக்களும் சந்திகளும் அவற்றில் எழுதியிருந்தன. ஆளுக்கொன்று எடுத்து, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டும். சாவகச்சேரியிலிருந்து வந்து திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்த என் சிநேகிதிக்கு விக்ரோறியா வீதி வந்தது. ஒரு மகாராணி கிடைத்த சந்தோசத்தில் அவள் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு வந்தது வெலிங்டன் சந்தி.

அந்தச் சந்திக்குப் பெயர் கொடுத்தது அங்கே இருந்த ஒரு படமாளிகை. படமாளிகைக்குப் பெயர் கொடுத்தவர் வெலிங்டன் பிரபு. நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த இங்கிலாந்துத் தளபதி. இவ்வளவும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. நான் எழுத இருந்த காலத்தில் படமும் ஓடவில்லை, கரண்டும் இல்லை. பெயர் மட்டும் சந்தியில் நின்றது. குண்டு போடுகிற பொம்பர் வந்து வந்து போனதால் அந்தக் கிழமை கம்பஸ் நூலகம் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நான் போயிருப்பேனோ தெரியாது. ஊர்ப் பெயரில் பட்டம் எப்படி வருகிறது என்பதை எங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஏனென்றால் எங்களுக்கே ஒரு பட்டம் இருந்தது. எங்களை ஊரில் ரங்கூனார் வீடு என்பார்கள். என் ஐயாவின் தகப்பன், எங்கள் அப்பு, வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஏறி ரங்கூனுக்குப் போய் உழைத்தவர். நான் பிறக்குமுன்பே செத்துப்போனார். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி எங்கள் வீட்டு அறையில் இரண்டு கல்லின் மேல், பூப்போட்ட துணி விரித்துக் கிடந்தது. அதற்குப் பெயர் ரங்கூன் பெட்டி. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ‘எமது குடும்பம்’ என்ற பேச்சுக்கு நான் முதற்பரிசு எடுத்தது ரங்கூனால்தான்.

யாழ்ப்பாணத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒருவர் குருநாகலில் சுருட்டுக்கடை வைத்தால் அவர் குருநாகலார். மலாயாவில் றெயில்வேயில் வேலை செய்து திரும்பினால் மலாயன் பென்சனியர். பிறகு சொந்தப் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தோடு சரி. மனுசிக்கும் அந்தப் பெயர்தான், பேரப்பிள்ளைக்கும் அதுதான். இங்கிலாந்தில் ராசா பட்டம் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் சந்தியில் நிற்கிறவர்கள் கொடுப்பார்கள். பரம்பரை பரம்பரையாக இறங்குவதில் இரண்டும் ஒன்று.

ஆகவே நான் எழுதினேன்: வெலிங்டன் என்பது இங்கிலாந்தில் ஒரு நகரம். பிரபு அந்த நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து பொருளீட்டியவர். அதனால் வெலிங்டன் பிரபு என அழைக்கப்பட்டார். ஆதாரம் வேண்டும் என்பார்களே என்று, ரங்கூனில் பொருளீட்டி ரங்கூனார் எனப் பெயர் பெற்ற என் பாட்டனாரையும் ஒப்பிட்டு ஒரு பந்தி சேர்த்தேன். அந்தப் பந்தியை எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

கருத்தரங்கில் விரிவுரையாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொருளீட்டி எண்டு சொல்லுறீர். வெலிங்டனில அவர் என்ன, சுருட்டுக்கடையே வைச்சிருந்தவர்?”

வகுப்பு சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் எடுத்தது. விக்ரோறியா வீதிக்காரி மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

“இல்லை, சேர். ஒரு பேச்சுக்கு...”

“சரித்திரத்தில ஒரு பேச்சுக்கு எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. அவர் அங்கை இருந்தவர் எண்டதுக்கு ஆதாரம்?”

“ஊர்ப் பேரில பட்டம் வந்தால் அந்த ஊரில இருந்திருக்கத்தானே வேணும், சேர்? எங்கடை அப்பு...”

“ஓம், ரங்கூனார். அவர் ரங்கூனில இருந்ததுக்கு என்ன ஆதாரம்?”

“ஊரெல்லாம் சொல்லும், சேர்.”

“நல்லது.” அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இரண்டு கிழமை தாறன். வெலிங்டனுக்கும் ஆதாரம் வேணும், ரங்கூனுக்கும் ஆதாரம் வேணும். இரண்டையும் கட்டுரையில போட்டது நீர். கொண்டுவந்தால் சிறப்புக்கு உம்மடை பேரையும் யோசிக்கலாம். இல்லாட்டிப் பொதுவுக்குப் போம்.”

வெளியே சைக்கிள் எடுக்கும்போது சிநேகிதி பின்னால் வந்து, “சுருட்டுக்கடை, நில்லும்” என்றாள். அன்றிலிருந்து கம்பஸில் எனக்கு அதுதான் பெயர். எனக்குக் கிடைத்த இரண்டாவது பரம்பரைப் பட்டம்.

நூலகம் எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அழுதழுது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைய மீனின் கழிவைக் கழுவிக்கொண்டே, “எந்தப் புத்தகத்தில கிடக்காம் அந்தப் பிரபுவின்ரை கதை?” என்று கேட்டார்.

“பெரிய இங்கிலீசுக் கலைக்களஞ்சியத்தில இருக்கும். கடைசித் தொகுதி. அது ஆரிட்டைக் கிடக்கு?”

“தடிப்பாய், சிவப்பாய், முதுகில தங்க எழுத்தோடையே?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“சுண்டிக்குளி டொக்குத்தர் ஐயா வீட்டு விறாந்தையில ஒரு அலுமாரி நிறையக் கிடக்கு” என்றார் அம்மா. “இருபது வருசமா அந்தப் படிக்கட்டில இருந்துதானே மீன் வெட்டுறன். நான் வாசிக்கேல்லையே தவிர, பாத்திருக்கிறன்.”

மறுநாள் அம்மாவோடு நானும் போனேன். டொக்குத்தர் ஐயா வேலையிலிருந்து இளைப்பாறிப் பல காலம். எங்களைப் பார்த்ததும் மீன் சட்டியை எடுத்துவரச் சொன்னார். அம்மா தலையிலிருந்த ஓலைக் கடகத்தை இறக்கி வைத்தார், மூடியைத் திறக்கவில்லை.

“ஐயா, மோளுக்கு உங்கடை சிவப்புப் புத்தகத்தில ஒண்டு வேணும். ஒரு கிழமைக்கு.”

“அதெல்லாம் வீட்டை விட்டு வெளியில குடுக்கிறேல்லை” என்றார் டொக்குத்தர் ஐயா. என்னைப் பார்க்காமலே, “உந்த இங்கிலீசு இவவுக்கு விளங்குமோ?” என்று கேட்டார்.

“விளங்கும்” என்றேன். அது பாதி உண்மை.

“மீன் மணம் பிடிச்சால் புத்தகம் பழுதாப்போகும்.”

“ஓம், ஐயா. அது சரிதான்” என்று அம்மா கடகத்தைத் திரும்பத் தலைக்குத் தூக்கினார். “புத்தகம் வீட்டை விட்டு வெளிக்கிடாட்டில், மீனும் வீட்டுக்குள்ளை வராது.”

இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னார். கடகத்துக்குள் ஓரா மீன் இருந்தது. டொக்குத்தர் ஐயாவுக்கு ஓரா என்றால் உயிர் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அம்மா வாசற் படலை வரைக்கும் போகவில்லை, டொக்குத்தர் ஐயா கூப்பிட்டுவிட்டார்.

புத்தகத்தை என்னிடம் கொடுக்கப்போனவரை மறித்து அம்மா வாங்கினார். ஈரக் கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்தார். முதுகை அழுத்தினார், நடுவில் விரித்தார், மீனின் செவுளைத் தூக்கிப் பூவைப் பார்ப்பதுபோல ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். “நல்ல சாமான். உடையேல்லை” என்று என்னிடம் தந்தார். வீட்டுக்கு வரும் வழியில் கடகம் அம்மாவின் தலையில், புத்தகம் என் சைக்கிள் முன்கூடையில். அதை நான் மூடவில்லை.

வாசித்து முடிக்க மூன்று நாள் எடுத்தது. அகராதி ஒரு பக்கம், கலைக்களஞ்சியம் மறுபக்கம். முதல் நாளே விசயம் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு நாளும் எங்கேயாவது என் பக்கத்துக்கு ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் குசினி வாசலில் அம்மாவும் மாமியும் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.

“என்ன, அவர் கடை வைச்சிருந்தவரோ?” என்று மாமி கேட்டார். சுருட்டுக்கடைக் கதை அதற்குள் சந்தைக்கு வந்திருந்தது.

“அவர் வெலிங்டனில பிறக்கவுமில்லை, இருக்கவுமில்லை” என்றேன். “பிறந்தது அயர்லாந்தில. இந்தியாவில சண்டை பிடிச்சவர். எங்கடை திருகோணமலையிலையும் சில கிழமை வந்து நிண்டவர். அப்ப அவருக்கு வெலிங்டன் எண்டு பேரே இல்லை.”

“அப்ப திருகோணமலையார் எண்டெல்லோ வந்திருக்கவேணும்” என்றார் அம்மா.

“பேந்து ஸ்பானியாவில ஒரு சண்டையை வெண்டவர். அதுக்கு ராசா பிரபுப் பட்டம் குடுத்தார். பட்டம் எண்டால் ஒரு ஊர்ப் பேர் வேணும். ஆள் சண்டைக்களத்தில. கேட்டு எழுதி மறுமொழி வர நேரமில்லை. அதனால வீட்டில இருந்த தமையன் வரைபடத்தை விரிச்சுப் பாத்து ஒரு ஊரைத் தெரிஞ்செடுத்தவர். தங்கடை குடும்பப் பேர் மாதிரிச் சத்தம் வருகிற ஊர் எங்கை எண்டு தேடி, சத்தத்துக்குக் கிட்டவா இருந்த வெலிங்டனைப் பிடிச்சிருக்கிறார்.”

“தமையன்மார் அப்பிடித்தான்” என்றார் மாமி. “தான் வீட்டில இருந்துகொண்டு மற்றவனுக்குப் பேர் வைப்பினம்.”

“அவற்றை மனுசிக்கு அந்தப் பேர் பிடிக்கேல்லையாம். அந்தப் பேரைக் கேட்டால் தனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை எண்டு சொன்னவவாம்.”

அம்மா இறாலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அவவிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். காலம் முழுக்க அந்தப் பேரைக் காவுறது அவவெல்லோ.”

நான் மிச்சத்தையும் சொன்னேன். சண்டைக்கு மேல் சண்டை வென்று, பட்டம் ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் டியூக் என்ற மேல்படிக்கு வந்தபோதும் ஊர்ப் பெயர் மாறவில்லை. அந்த ஊர்க்காரர் அவர் பெயரில் மலைமேல் பெரிய தூண் ஒன்று கட்டத் தொடங்கி, முடிக்க முடியாமல் பல வருடம் இழுபட்டார்கள். “எங்கடை கோயில் மணிக்கூண்டு மாதிரி” என்றார் மாமி. பிறகு அந்தப் பெயர் கப்பலேறியது. நியூசிலாந்தின் தலைநகரம் வெலிங்டன். ஆபிரிக்காவின் தென்முனையில் ஒரு வெலிங்டன். தஸ்மேனியாவில் ஒரு மலை. நீலகிரியில் பட்டாளம் இருக்கிற ஓர் ஊர். முழங்கால்வரை போடுகிற சப்பாத்துக்கும் அந்தப் பெயர். எல்லாம் சுற்றி வந்து எங்கள் சந்தியிலும் ஒன்று.

“இவ்வளவு ஊருக்கும் பேர் குடுத்தவர், தன்ரை வெலிங்டனுக்கு வாழ்நாளில ஒரே ஒருக்காத்தான் போனவராம்” என்று சொல்லி முடித்தேன். “அதுவும் பட்டம் கிடைச்சுக் கனகாலத்துக்குப் பிறகு.”

இதைக் கேட்டதும் மாமிக்குக் கை நின்றது. பிறகு தோள் குலுங்கியது. மாமி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒருக்காலாவது போனவர்தானே” என்றார். “அப்ப அவர் எங்கடை ஆளைவிடத் திறம்.”

“எங்கடை ஆரை?”

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா இறால் ஓட்டைப் பார்த்தார்.

“வா” என்று மாமி எழும்பி என்னை அறைக்குள் கூட்டிப்போனார். பூப்போட்ட துணியை உருவினார். நானும் அவருமாக ரங்கூன் பெட்டியைச் சரித்தோம். அடிப்பக்கம் துருப்பிடித்திருந்தது. துருவுக்கு நடுவில் எழுத்து.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியும்” என்றார் மாமி. “நீ வாசி.”

நாகப்பட்டினம் என்று தமிழில் இருந்தது. அதற்கு மேலே பெட்டியை விற்ற கடைக்காரரின் பெயர்.

மிச்சத்தை மாமி சொன்னார்: அப்பு கப்பல் ஏறியது உண்மை. ரங்கூனுக்குப் போகிற கப்பல் என்பதும் உண்மை. ஆனால் அவர் பிறந்ததிலிருந்து முழங்கால் ஆழப் பரவைக் கடலில் இறால் பிடித்தவர். பெருங்கடலின் அலையில் கப்பல் ஏறி இறங்கத் தொடங்கியதும் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு நாளும் வாந்தி. ஒரு மீனவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கப்பல்காரர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்களாம். நாகப்பட்டினத்தில் கப்பல் நின்றபோது இறங்கினார். வேளாங்கண்ணிக்கு நடந்து போய் மாதாவைக் கும்பிட்டார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு தகரப் பெட்டி வாங்கினார். ஓடு ஏற்றிவந்த ஒரு கப்பலில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினார். குருநகரை விட்டுப் போய் மூன்று கிழமைகூட ஆகவில்லை.

“கரையில கால் வைக்கேக்கையே ஆரோ கேட்டவனாம், ‘என்ன ரங்கூனார், சுகமோ?’ எண்டு” என்றார் மாமி. “அண்டைக்குப் பிடிச்ச பேர்.”

“அது நக்கலுக்கு வைச்ச பேரே?”

“பேந்தென்ன, ராசா வைச்சதே?”

“இது ஆருக்கெல்லாம் தெரியும்?”

“குருநகர் முழுக்கத் தெரியும். உனக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு.”

ஆறாம் வகுப்புப் பேச்சு ஞாபகம் வந்தது. அன்று முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு கேட்டது என் தமிழுக்காக என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. நான் கேட்ட ஆதாரம் அல்ல. ஆனால் இரும்புபோல ஆதாரம். இரண்டு ஆட்களும் தாங்கள் வாழாத ஊரின் பெயரைச் சுமந்தவர்கள். ஒருவருக்குப் பெயரை வைத்தது வரைபடத்தோடு இருந்த தமையன், மற்றவருக்குக் கரையில் நின்ற பகிடிக்காரன். கட்டுரை மனதில் கடகடவென்று ஓடியது. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியைத் திரும்பப் பெட்டியின் மேல் விரித்தார். ஓரங்களை இழுத்து நேராக்கினார்.

“இதைக் கம்பஸில வாசிக்கப்போறியோ?”

“வாசிச்சால்தான் மாமி எனக்குச் சிறப்பு.”

“ஓம்” என்றார். பிறகு, “குருநகருக்குத் தெரியும், அது பறவாயில்லை. கம்பஸுக்கு நீ முதல் எழுதினது மட்டும்தானே தெரியும். அங்கையெண்டாலும் அவர் ரங்கூனுக்குப் போனவராய் இருந்திட்டுப் போகட்டும் எண்டு நினைச்சன்” என்றார்.

சொல்லிவிட்டு இறாலுக்குப் போய்விட்டார்.

வெலிங்டனை மட்டும் திருத்தி எழுதலாம். ரங்கூனுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி போட்டுவிடலாம். ஆனால் விரிவுரையாளர் கேட்டது இரண்டு ஆதாரம். ஒன்றோடு போனால் பொதுப் பட்டம். இரண்டோடு போனால் மாமியின் தகப்பன் நாகப்பட்டினத்தில் இறங்கவேண்டும். நான்கு நாள் ஒரு வரியும் எழுதாமல் சைக்கிளில் கம்பஸுக்கும் வீட்டுக்கும் ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தகங்களைப் பைக்குள் போட்டுக் கொண்டுபோனேன். அதை மாமி பார்த்திருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் காலை சந்தைக்கு அம்மாவின் தராசைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மாமி கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

“அந்த வெலிங்டன்காரர் இருக்காத ஊரின்ரை பேரை எத்தினை ஊரில வைச்சிருக்கிறாங்கள் எண்டாய்?”

“கனக்க, மாமி.”

“அவற்றை ஆக்களுக்கு அதில வெக்கம் ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லை. இப்பவும் அந்தக் குடும்பம் அந்தப் பட்டத்தோடைதான் இருக்கு.”

“அப்ப வாசி” என்றார். பிறகு கத்தியை நிறுத்தி, “ஆனால் ஒண்டு. வாந்தி எடுத்ததை எழுதாதை” என்றார்.

நான் எழுதவில்லை. ‘கடற்பயணம் அவருக்கு ஒவ்வாமையால்’ என்று கௌரவமாக எழுதினேன். இங்கே எழுதியிருக்கிறேனே என்றால், மாமி மறித்தது கட்டுரைக்கு. இது கட்டுரை இல்லை.

இரண்டாம் தடவை வாசித்த நாளில் நூலகமும் திறந்திருந்தது. நான் சொன்னவற்றை யாரும் ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்பதில் எனக்கு ஒரு திமிர். வெலிங்டன் பகுதியை வாசித்தேன். பிறகு நாகப்பட்டினத்தை வாசித்தேன். பெட்டியின் அடியில் இருந்த எழுத்தைக் கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வந்திருந்தேன், அதை நீட்டினேன். என் முதற்கட்டுரையில் ரங்கூன் பற்றி எழுதியது பிழை என்றும், அந்தப் பிழையை நம்பித்தான் வெலிங்டனிலும் பிழைவிட்டேன் என்றும் வாசித்தபோது என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். சிநேகிதி சிரிக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

விரிவுரையாளர் அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரங்கூனார் பற்றி எத்தினை பக்கம் எழுதியிருக்கிறீர்?”

“ஒண்டரை, சேர்.”

“வெலிங்டன்?”

“பதினொண்டு.”

“மாறி இருந்திருக்கலாம்” என்றார். “வெலிங்டனுக்கு அலுமாரி நிறையப் புத்தகம் கிடக்கு. இவருக்கு இந்தத் தாள் ஒண்டுதானே. கப்பலின்ரை பேர் என்ன?”

“தெரியாது, சேர்.”

“ஆரின்ரை கப்பல்?”

“தெரியாது.”

“அப்ப இன்னும் முடியேல்லை” என்று தாளைத் திருப்பித் தந்தார். அது நல்லதா கெட்டதா என்று விளங்காமலே நான் இருந்தேன். அடுத்த மாதம் அறிவித்தல் பலகையில் சிறப்புப் பட்டக்காரரின் பெயர்கள் வந்தன. கடைசிக்கு முந்தியது என்னுடையது. சிநேகிதியின் பெயர் எனக்கு இரண்டு படி மேலே இருந்தது. மகாராணி என்றால் அப்படித்தான்.

சந்தைக்கு நேராகப் போனேன். அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அம்மா விளங்கிக்கொண்டு, வாங்க வந்தவருக்கு ஒரு மீனைக் கூடப் போட்டார். மாமி பக்கத்துப் பலகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, சரித்திரம் வித்துப்போச்சோ?”

“வித்துப்போச்சு, மாமி.”

“நேற்றையானோ, இண்டையானோ?”

“அறுபது வருசத்தான்” என்றேன். மாமி செதில் சுரண்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இரண்டாம் வருடம் தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். வல்லை வெளியில் எதிர்க்காற்று. பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் போனேன். முன்கூடையில் ஒரு புதுக் கொப்பியும், பெட்டியடியைத் தேய்த்தெடுத்த தாளும். வல்வெட்டித்துறையில் பழைய கப்பல்காரர் வீடு எது என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். வேப்பமரத்துக்குக் கீழே நீலப் படலை. தட்டினேன்.

“ஆரது?” என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

என் சொந்தப் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“குருநகர் ரங்கூனாற்றை பேத்தி” என்றேன்.